ஏழாம் தாளில் எழுதியிருந்தது

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். மாமாவுக்கு முழங்கால் தொல்லை, எனக்கு மாமா தொல்லை. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தனியாக இருக்கும் ஆண்பிள்ளை ஒருவேளைச் சாப்பாட்டை மூன்று வேளைக்கு இழுப்பான் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். இந்த வீட்டில் நான் போனில் கிசுகிசுத்தாலும் மூன்று அறைக்கும் கேட்கும். கேட்கக் கூடாத ஆள் நடு அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அதோடு, உங்களிடம் போனில் பேசுவது சுவரோடு பேசுவது மாதிரி. "ம்", "சரி அத்தை", "பாக்கலாம் அத்தை", அவ்வளவுதான். கடிதம் என்றால் நாலு வரியாவது எழுதித்தானே ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவி பெட்டி படுக்கையோடும் கம்ப்யூட்டரோடும் இங்கே வந்து இறங்கி இரண்டு மாதம் ஆகப்போகிறது. வந்த நாளிலிருந்து ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் இப்போது மக்கர் செய்கிறது. வேலை மும்முரமாக நடக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், திரை இருட்டு. அவள் மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டுவாள். இப்போது தட்டுகிற சத்தத்தை வைத்தே எவ்வளவு வேலை போயிற்று என்று நானும் மாமாவும் சொல்லிவிடுவோம்.

"கட்டினவன்கிட்ட கேளேன்டி" என்றேன். கம்ப்யூட்டரைக் கட்டியவர் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். "அவன்கிட்ட கேக்க எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றாள். அவள் உங்களை அவன் இவன் என்பது எனக்குப் பிடிக்காது. நீங்கள் இருவரும் ஆரம்பத்திலிருந்தே அப்படிப் பழகிவிட்டீர்கள், நான் என்ன சொல்ல.

என்ன கோளாறு, என்ன வாங்க வேண்டும் என்று எழுதுங்கள். என் தையல் கடை முகவரிக்குப் போடுங்கள், வீட்டுக்கு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை

&nbsp;

மார்ச் 9

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மாமா படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டால் முழங்காலுக்கு நல்லது.

கோளாறைப் பற்றி. அணைவதற்கு முன் திரை மினுக்குகிறதா, அல்லது நேராக இருட்டாகிறதா? பெட்டியின் பின்பக்கம் கை வைத்தால் சூடான காற்று வருகிறதா? கருகிய வாடை உண்டா? சும்மா இருக்கும்போது அணைகிறதா, அல்லது பயன்படுத்துபவர் வரைந்த படத்தை ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் அணைகிறதா?

கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் பவர் சப்ளை பழுது என்று கொள்ளலாம். சுவரிலிருந்து வரும் கரண்டை உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் அளந்து பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. வயதாகிவிட்டால் திடீரென்று அதிகம் கேட்கும்போது அதனால் கொடுக்க முடியாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அது யார் மீதும் கோபமல்ல, அதன் இயல்பு.

மேற்கண்ட விவரங்கள் தெரிந்தால் எதை வாங்குவது என்று ஆராய்ந்து எழுதுகிறேன்.

எங்கள் அலுவலக சர்வர் அறைக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால் கடிதம் எனக்கும் வசதியே.

அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் மருமகன்

&nbsp;

மார்ச் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா படி ஏறாவிட்டால் இரண்டாவது மாடிக்கு எப்படி வந்து சேருவார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நான் நன்றாகத்தான் இருந்தேன், உங்கள் கடிதத்தைப் படிக்கும் வரைக்கும்.

"பயன்படுத்துபவர்" யார்? எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை, என் மகளுக்கு நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். அழகான பெயர். எழுதக் கை வரவில்லையென்றால் 'உங்கள் மகள்' என்றாவது எழுதுங்கள். "அனைவரையும் விசாரித்ததாக" என்கிறீர்களே, அந்த அனைவரில் அவள் இருக்கிறாளா இல்லையா?

அவளுடைய வேலையே கார்ட்டூன் பொம்மைகளின் வாயைப் பேச்சுக்குத் தகுந்த மாதிரி அசைய வைப்பதுதான். ஒரு முயல் 'வா' என்று சொல்ல உதடு எத்தனை தடவை மாற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்தவளுக்கு ஒரு மனுஷனை வாய் திறக்க வைக்கத் தெரியவில்லை. அதை நினைத்தால் எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

உங்கள் இருவருக்குள் என்ன சண்டை என்று நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். ஒரு நாள் அவளாகவே சொன்னாள். "நான் அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேம்மா. போகாதேன்னு ஒரு வார்த்தை வரும்னு நின்னேன். கம்ப்யூட்டரையும் எடுத்துட்டுப் போறியா, பேக் பண்ணித் தரட்டுமான்னு கேட்டான்." அப்படியா கேட்டீர்கள்? பிறகு ஸ்பாஞ்சு வெட்டி வைத்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி வேறு போட்டிருந்தீர்கள். லாரிக்காரர்கூட மெச்சினார். எனக்கு வயிறு எரிந்தது.

உங்கள் கேள்விகளுக்குப் பதில்: நேராக இருட்டு. சூடு உண்டு. வாடை இல்லை. ஓட்டிப் பார்க்கும்போதுதான் அணைகிறது. எதை வாங்குவது என்று மட்டும் எழுதுங்கள். பாடம் வேண்டாம்.

அவள் ராத்திரி சரியாகச் சாப்பிடுவதில்லை. நீங்கள் கேட்காததால் நானே சொல்லிவைக்கிறேன்.

அத்தை

&nbsp;

மார்ச் 27

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பல மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அலுவலகக் குறிப்புத்தாள் சிறியது, அதனால் எட்டுத் தாள்கள் ஆகிவிட்டன. எண் போட்டிருக்கிறேன்.

தங்கள் மகளின் கம்ப்யூட்டருக்கு அறுநூற்றைம்பது வாட் போதும். கடைக்காரர் ஆயிரம் வாட் என்று தள்ளப் பார்ப்பார், மறுத்துவிடவும். ஐந்நூறு என்றாலும் மறுக்கவும். கிராஃபிக்ஸ் கார்டு ஒரு நொடியில் இரண்டு மடங்கு இழுக்கும், அதைத் தாங்கும் இடைவெளி வேண்டும். கோல்ட் முத்திரை இருக்க வேண்டும், கரண்டு வீணாகாது, சூடும் குறைவு.

முழு மாடுலராக இருக்க வேண்டும். அதாவது எந்தக் கேபிளும் பெட்டியோடு ஒட்டிப் பிறந்ததாக இருக்கக் கூடாது. எல்லாமே தனித்தனியாகக் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். தேவையானதை மட்டும் மாட்டினால் உள்ளே கேபிள் குவியாது, காற்று தடையில்லாமல் ஓடும். பாதி மாடுலர் என்று ஒன்று உண்டு, விலை சற்றுக் குறைவு, அந்த அளவுக்கு எரிச்சல் அதிகம்.

விசிறி பெரியதாகவும் மெதுவாகச் சுற்றுவதாகவும் பார்க்கவும். இது முக்கியம். வேலை செய்யும்போது 'கீ' என்று மெல்லிய சத்தம் இருந்தாலும் அவருக்குத் தலைவலி வரும். வந்தால் சொல்லமாட்டார். விளக்கை அணைத்துவிட்டு நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். கேட்டால் கண் கூசுகிறது என்பார். ஆகவே சத்தமில்லாத விசிறி அவசியம். கலர் விளக்கு எரியும் மாடல்கள் வேண்டவே வேண்டாம்.

பவர் சப்ளையின் நீளம் பதினாறு சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் கேபினட்டில் அடங்கும். வாரண்டி ஏழு ஆண்டுக்குக் குறையக் கூடாது, ரசீதில் கடை முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கவும், அட்டைப்பெட்டியை எறிந்துவிடக் கூடாது, மாட்டுவதற்கு முன் சுவர் ஸ்விட்சை அணைத்து வயரையும் பிடுங்கிவிட வேண்டும், கை ஈரமாக இருக்கக் கூடாது, பழைய பவர் சப்ளையின் கேபிள்கள் எதையும் புதியதில் மாட்டக் கூடாது, முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, திருகாணிகள் நான்கையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பெட்டி கோணிக்கொள்ளும், விசிறி கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

ராத்திரி ஏழரைக்குள் என்றால் சாப்பிடுவார். அதற்குப் பிறகு பசி போய்விட்டது என்பார்.

மாமாவுக்கு வணக்கம்.

தங்கள் மருமகன்

&nbsp;

ஏப்ரல் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தான். இப்போது ஏழு மணிக்கே தட்டு வைக்கிறேன், சாப்பிடுகிறாள். ஏன் நேரம் மாறிற்று என்று கேட்டாள். மாமாவுக்குப் பசிக்கிறதாம் என்றேன். மாமா திருதிருவென்று விழித்தார்.

முதல் நாலு தாளைக் கடைக்காரரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "யாரும்மா எழுதினது? இவரு வந்திருந்தா எனக்கு அரை நாள் போயிருக்கும்" என்றார். பழைய பவர் சப்ளையின் கம்பெனிச் சரக்கு அவரிடம் இல்லை. வேறு கம்பெனி. ஆனால் வாட், முத்திரை, முழு மாடுலர், பெரிய விசிறி எல்லாம் நீங்கள் சொன்னபடி. வானவில் மாதிரி விளக்கு எரிகிற ஒன்றைக் காட்டி, "பிள்ளைங்க ஆசைப்படுவாங்க" என்றார். "என் பிள்ளைக்குக் கண் கூசும்" என்றேன்.

அட்டைப்பெட்டி தையல் கடையில், துணிக்கட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அவள் அலுவலகம் போகிற நாளில் மாட்டிவிடலாம் என்றிருக்கிறேன். வந்து பார்த்தால் ஓட வேண்டும். எப்படி ஓடுகிறது என்று கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம். தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டுகிறவள் நான், இதற்கா பயப்படப் போகிறேன்?

ஆனாலும் ஒன்று. நீங்களே ஒரு நடை வந்து மாட்டிவிட்டுப் போகக் கூடாதா? ஒரு புது கம்பெனி அவளிடம் மாதிரிக்கு ஒரு சின்னப் படம் கேட்டிருக்கிறது. முழுக்க அவள் மனசிலிருந்து எடுக்கிற படம். பிடித்துப்போனால் நிரந்தர வேலை. அந்தப் படம் முழுக்க இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்கிறாள்.

லீவு கிடைக்காதா?

அத்தை

&nbsp;

ஏப்ரல் 22

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். நலம். தங்களிடமிருந்து பதில் எதிர்பார்த்தேன், வரவில்லை. ஒருவேளை என் முறைதான் என்று இப்போது உறைத்தது. நீங்கள்தான் கடைசியாக ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள்.

கேட்டால் லீவு கிடைக்கும். வருவதில் சிரமமில்லை. நான் வருவதை அவர் விரும்புவாரா என்று தெரியவில்லை. அது தெரியாமல் வந்து நின்றால் அவர் வேலை கெடும்.

மாட்டியாகிவிட்டதா? ஓடுகிறதா? விசிறிச் சத்தம் எப்படி?

முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலிதானே?

தங்கள் மருமகன்

&nbsp;

மே 2

மாப்பிள்ளைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் கெட்டுக் குட்டிச்சுவராகக் கிடக்கிறது.

போன வாரம் மாட்டினேன். உங்கள் பதிலுக்குக் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, அவள் அலுவலகம் போன அன்று கேபினட்டைத் திறந்தேன். பழைய பவர் சப்ளையைக் கழற்றினேன். பெரிய கேபிள்கள் புதியதில் உட்காரவில்லை, அதனால் அட்டைப்பெட்டியில் வந்ததையே மாட்டினேன். அவள் படங்களைச் சேர்த்துவைக்கும் டிஸ்க்குக்குப் போகிற கேபிள் மட்டும் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தக் கேபிளை நீங்கள் பின்பக்கமாகக் கொண்டுபோய், விரல்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டி, வளைவுகளில் மடங்காமல் எவ்வளவு அழகாக விட்டிருக்கிறீர்கள்! என் கடையில் முப்பது வருஷம் தைத்தவள்கூட அப்படி ஒரு வரிசை போட்டதில்லை. அதை அறுக்க மனசு வரவில்லை. இந்தப் பிள்ளை இவளுக்காகக் கட்டியது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே விட்டேன்.

ஸ்விட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது, விசிறி சத்தமில்லாமல் சுற்றியது, திரையில் வெளிச்சம் வந்தது. மாமாவைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா!" என்றேன். அவர் மூக்கை உறிஞ்சி, "என்னமோ கருகுது" என்றார். டிஸ்க் இருந்த பக்கத்திலிருந்து நூலாகப் புகை. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன்.

கம்ப்யூட்டர் ஓடுகிறது. அந்த டிஸ்க் மட்டும் செத்துவிட்டது. அவள் படம் முழுக்க அதில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை. மாதக் கடைசி வந்தது, போனது. அவள் கத்தவில்லை. மேஜையைக்கூடத் தட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். கேட்டதற்கு ஆமாம், இல்லை. உங்கள் வீட்டில் கற்றுக்கொண்டு வந்தாள்போல.

பிறகு ஏழாம் தாளை எடுத்துப் படித்தேன். இருக்கிறது, எழுதியிருக்கிறீர்கள். முத்திரைக்கும் திருகாணிக்கும் நடுவில், மூச்சு விடாமல் ஓடுகிற ஒரே வாக்கியத்தில். ஏன் மாப்பிள்ளை, உயிர்போகிற விஷயத்தை முதல் தாளில் முதல் வரியாக எழுத உங்களுக்கு என்ன கேடு?

அத்தை

&nbsp;

மே 6

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். தாங்கள் வருத்திக்கொள்ள வேண்டாம். எச்சரிக்கை ஏழாம் தாளில் இருந்தது என்றாலும் அதன் இடம் சரியில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

டிஸ்க்கைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம். ஐந்து வோல்ட் போக வேண்டிய கம்பியில் பன்னிரண்டு வோல்ட் போயிருக்கிறது. பெரும்பாலும் அடியில் இருக்கும் பச்சை சர்க்யூட் அட்டையில் பாதுகாப்புக்கென்று வைத்த ஒரு சின்னப் பாகம்தான் கருகியிருக்கும். உள்ளே படம் பத்திரமாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பாகத்தை எடுத்தோ, அதே மாடலின் அட்டையைத் தேடி மாற்றியோ எழுப்பிவிடலாம். என்னால் முடியும். கருகிய இடத்தைத் தொடாமல், ஸ்பாஞ்சில் சுற்றி, கெட்டி அட்டைப்பெட்டியில் வைத்து என் முகவரிக்கு அனுப்பிவைக்கவும்.

புது கம்பெனியில் ஒரு வாரம் அவகாசம் கேட்கலாமா என்று தங்கள் மகளிடம் கேட்கவும்.

மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

தங்கள் மருமகன்

&nbsp;

மே 12

மாப்பிள்ளைக்கு,

மாமாவின் முழங்காலுக்கு உங்களைவிட வாய் அதிகம். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

"தங்கள் மகளிடம் கேட்கவும்." நீங்கள் கேளுங்களேன்! என்ன தடை? நான் என்ன தபால்பெட்டியா? மார்ச்சிலிருந்து பார்க்கிறேன். அவள் தலைவலி தெரிகிறது, பசிக்கிற நேரம் தெரிகிறது, முதுகுக்கு என்ன நாற்காலி என்று தெரிகிறது. இவ்வளவும் என்னிடம் எழுதி என்ன பிரயோஜனம்? எனக்கா நீங்கள் தாலி கட்டினீர்கள்?

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு நான் எழுதியது, நீங்கள் எழுதியது, பவர் சப்ளை உங்கள் தேர்வு, கெடுத்தது நான், எல்லாம். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எனக்குத் தெரியாம என்னைப் பத்தி ரெண்டு பேரும் கமிட்டி போட்டீங்களா?" என்றாள். நியாயம்தான். கடிதங்களைக் கொடு என்றாள், கொடுத்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டேதான் படித்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள். விசிறியைப் பற்றி எழுதியிருந்த மூன்றாம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் முகம் கழுவினாள்.

டிஸ்க் அவள் மேஜையில் இருக்கிறது. நான் அனுப்ப மாட்டேன், அவளைக் கேளுங்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதுவதென்றால் அவளுக்கு எழுதுங்கள், வீட்டு முகவரிக்கு. மாடி இரண்டு, கதவில் மாமா ஒட்டிய பூனைப் படம் இருக்கும். உங்களை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு எரிச்சல் வருகிறது.

அத்தை

&nbsp;

ஜூன் 10

உனக்கு,

எப்படி இருக்கிறாய்? உண்மையாகவே கேட்கிறேன். நான் நன்றாக இல்லை.

எழுதி எழுதிக் கிழித்ததில் ஒரு மாதம் போய்விட்டது. எல்லாக் கடிதமும் நாலாம் வரியில் டிஸ்க்குக்குப் போய்விட்டது. அத்தை சொன்னது சரி. முக்கியமானதை முதலில் எழுதுகிறேன்.

நீ போனது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

போகாதே என்று சொல்ல வந்தேன். சொன்னால், என் பேச்சுக்காக மனசில்லாமல் இருந்துவிடுவாயோ என்று பயம். சொல்லியும் போய்விடுவாயோ என்று அதைவிடப் பயம். கை சும்மா இருக்க முடியவில்லை. கையில் எது அகப்பட்டதோ அதைச் செய்தேன்.

வீட்டில் உன் மேஜை இருந்த இடம் அப்படியே காலியாக இருக்கிறது. அந்த வழியாக நான் நடப்பதில்லை, சுற்றிப் போகிறேன்.

திரும்பி வா.

டிஸ்க்கை அனுப்பினால் எழுப்பிக் கொடுப்பேன். இது கடைசி வரியில்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்.

நான்

&nbsp;

ஜூன் 16

உனக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத மாட்டேன். நீ நன்றாக இல்லை என்று நீயே எழுதிவிட்டாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் செய்தி அதுதான். நானும் நன்றாக இல்லை. போதுமா?

எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. எனக்குத் தலை வலிப்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. இருட்டில் நான் உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு, அடுத்த நாள் விசிறிக்கு எண்ணெய் போட்டாய். அறைக்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? நீ கவனிக்கவே இல்லை என்று நினைத்துத்தான் நான் கிளம்பினேன். கவனித்துக்கொண்டே சும்மா இருந்தாய் என்று உன் மூன்றாம் தாளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். எது மோசம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

திரும்பி வா என்கிறாய். வர மாட்டேன், இப்போது முடியாது. புது கம்பெனியில் நடந்ததைச் சொன்னேன். உன் வழியில் சுற்றி வளைக்காமல், "எரிஞ்சு போச்சு, மறுபடியும் செய்யறேன்" என்றேன். ஆகஸ்ட் வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். முதல் கோட்டிலிருந்து மறுபடி வரைகிறேன். முன்னால் வரைந்ததைவிட நன்றாகவே வருகிறது. அம்மா தினமும் அறை வாசலில் வந்து நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகிறாள். அவளை மன்னித்துவிட்டேன், ஆனால் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவேன். சொல்லாமல் வைத்திருப்பது நம் இருவரில் ஒருவருக்கே போதும்.

டிஸ்க்கை அனுப்ப மாட்டேன். நீ அதை எழுப்பிவிடுவாய், எனக்குத் தெரியும். எழுப்பிக் கையில் கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று போய்ப் படுத்துத் தூங்கிவிடுவாய். அதனால் அது செத்தே கிடக்கட்டும்.

நீ வா. நான் விரும்புவேனா என்று தெரியாமல் வர முடியாது என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாய். விரும்புகிறேன். எழுத்தில் இருக்கிறது, முதல் தாளிலேயே.

ஸ்க்ரூடிரைவர், டேப், மீட்டர், எனக்கென்று ஒரு நாற்காலி, எதுவும் எடுத்து வராதே. கையை வீசிக்கொண்டு வா. அம்மா முகத்தைச் சுளிப்பாள், நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் நீ சரி செய்வதற்கு ஒன்றும் இல்லை. கோபமாக ஒருத்தி இருக்கிறாள், அவள் எதிரில் வந்து உட்கார்.

நான்